தூளிக்குள் தூங்கிய பிள்ளை

வாங்க மேடம், உள்ள வாங்க. செருப்பை வெளியில விடாதீங்க, திரும்பப் போடறப்ப வெயில்ல கால் பொத்துப்போகும். இப்படி ஓரமா விடுங்க. உக்காருங்க. ஃபேன் கத்தும், ஆனா காத்து வரும்.

ஆமா, நான்தான் பாண்டீஸ்வரி. ஜெயக்கொடியோட தங்கச்சி. அக்கா எழுதின புத்தகம் பூரா பேரே இல்லாம "தங்கை, தங்கை"ன்னு ஒரு பிள்ளை வருதே, வாயே திறக்காம, அது நான்தான். பார்த்தா அப்படித் தெரியலைல்ல? எங்க வீட்டுக்காரர் படிச்சுட்டு, "இது வேற யாரோ. நீ வாயை மூடி நான் பார்த்ததே இல்லையே"ன்னார். சிரிப்புதான் போங்க.

மதுரையிலிருந்தா வரீங்க? பஸ் மாறி மாறி வரணுமே. என்னைவிடச் சின்னவங்களாத்தான் தெரியறீங்க, இருந்தாலும் மேடம்னே கூப்பிடறேன். நாளைக்குக் காலேஜ்ல பாடம் எடுக்கப் போறவங்க. டீ குடிங்க, இஞ்சி தட்டிப் போட்டது. அந்தப் போனை ஸ்டூல் மேல வைங்க, அங்கயும் பேசறது பதியும்ல? கீழ வச்சா மிதுனா எடுத்துரும். ஏய், மேடம் பையை நோண்டாதே. என் பொண்ணு. நாலு வயசு முடிஞ்சிருச்சு.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன், இல்லன்னா பேச்சுவாக்குல விட்டுப்போயிரும். இன்னிக்கு மதியத்துக்குள்ள எங்க அப்பா இங்க வரார். கார் வச்சுக் கூட்டிட்டு வர எங்க வீட்டுக்காரர் போயிருக்கார். ஆமா, அதே அப்பாதான். புத்தகத்துல வர்ற அப்பா. வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துருச்சு. இனிமே இங்கதான், இந்த வீட்லதான். அவர் வர்றதுக்குள்ள உங்களால எனக்கு ஒரு காரியம் ஆகணும். நீங்க கேக்கற எல்லாத்துக்கும் நான் பதில் சொல்றேன். பதிலுக்கு நீங்க அக்காகிட்டப் பேசி அந்தப் புத்தகத்துல ஒரே ஒரு வரியை மாத்தச் சொல்லணும். அடுத்த பதிப்பு போடறாங்களாமே? நான் சொல்ல முடியாது. ஏன்னு அப்புறம் சொல்றேன். படிச்சவங்க, ஆராய்ச்சி பண்றவங்க நீங்க சொன்னா அக்கா கேக்கும்.

இப்ப கேளுங்க.

உத்தியா? உத்தின்னா? ஓ, எழுதற விதம். நாங்க பத்தாவதுல அணின்னு படிச்சோம். உவமை அணி, உருவக அணி. எங்க தமிழ் டீச்சர் ஒரு அணிக்கு ஒரு பிள்ளையை எழுப்பிவிடுவாங்க. எனக்கு எப்பவும் வேற்றுமை அணிதான் வரும். அதுக்கு மேல எனக்கு இலக்கியம் தெரியாது மேடம். ஆனா அக்காவைத் தெரியும். கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்.

கதை நேரா போகாம முன்னால பின்னால போகுதா? அது அக்கா பேச்சே அப்படித்தான். ரேஷன் கடைக்குப் போன கதையைத் திரும்பி வர்றதுலேருந்து ஆரம்பிக்கும். நடுவுல சக்கரை தீந்துபோனதைச் சொல்லும், அப்புறம்தான் எதுக்குப் போச்சுன்னே நமக்குத் தெரியும். அம்மா தலையில அடிச்சுக்கும், "ஒரு கதைய வாலைப் பிடிச்சு எழுப்பறாளே"ன்னு. நீங்க அதை உத்தின்னு எழுதுங்க, நல்லாத்தான் இருக்கு.

பகல் எல்லாம் ராத்திரி மாதிரி எழுதியிருக்குறதா? அது எங்க வீடு அப்படி. அப்பாவுக்கு பஞ்சுமில்லுல ராத்திரி ஷிப்டு. காலையில வந்து படுத்தார்னா சாயங்காலம் வரைக்கும் ஜன்னல் திறக்கக் கூடாது. லைன் வீடு, ஒரே ரூம். பாத்திரம் கழுவணும்னா அம்மா தண்ணிக் குழாயடிக்குத் தூக்கிட்டுப் போயிரும். கரண்டி சத்தம் கேக்கக் கூடாது, இருமக் கூடாது. குடிச்சுட்டு வர்ற நாள்னா கொஞ்சம் கூடுதலா பாத்து இருக்கணும், அவ்வளவுதான். தூக்கம் கலைஞ்சா மனுஷனுக்குக் கோவம் வரும்ல. எனக்கு இப்பவும் சத்தமில்லாம சமைக்க வரும் தெரியுமா? எங்க மாமியார் சொல்வாங்க, "இவ அடுப்படியில இருக்காளா இல்லையான்னே தெரியாது, சாப்பாடு மட்டும் வந்துரும்"னு. நல்ல பழக்கம்தானே.

தூளியா? எங்க அது, எந்தப் பக்கம்? படிங்க. ம்... ம்... தூளி அம்மாவோட கருப்பை மாதிரியா? ஐயோ மேடம்! அது அம்மாவோட பழைய வாயில் சேலை மேடம். மஞ்சள் பூப் போட்டது. அந்த வீட்ல மறைப்புன்னு இருந்தது அது ஒண்ணுதான். கதவுக்குப் பின்னால ஒளிஞ்சா கதவைத் திறப்பார். கட்டில் கிடையாது. வேற எங்க வைக்கறது பிள்ளையை? அஞ்சு வயசுப் பிள்ளைக்கு யாராவது தூளி கட்டுவாங்களா சொல்லுங்க? எனக்குக் கால் ரெண்டும் வெளியில தொங்கும். அக்கா அதை மடக்கி உள்ள திணிச்சு, சேலையை ரெண்டு பக்கமும் இழுத்து மூடி, "தூங்கு பாண்டி, நீ தூங்கிட்டா ஒண்ணும் ஆகாது"ன்னு ஆட்ட ஆரம்பிச்சிரும். அதுக்கே அப்ப என்ன வயசு, ஆறாவதோ ஏழாவதோ படிச்சுச்சு. ஆட்டற பிள்ளையை அடிக்க மாட்டார்னு ஒரு நினைப்பு. தூங்கற பிள்ளையையும் அடிக்க மாட்டார். அப்படி ஒரு கணக்கு அதுக்கு.

சரியாத்தான் போட்டிருந்துச்சு கணக்கை. அம்மாவை மட்டும்தான் அடிப்பார்.

டீ ஆறுது, குடிங்க.

பேசாத பாத்திரம். ஆமா, அதைத்தான் சொல்ல வந்தேன். ஒவ்வொரு அத்தியாயமும் முடியறப்ப அக்கா ஒரு வரி எழுதுது பாருங்க, "தங்கை தூங்கிக்கொண்டிருந்தாள்." அம்மாவுக்கு நெத்தி கிழிஞ்ச அன்னைக்கும் தங்கை தூங்கிக்கொண்டிருந்தாள். அடுப்பை எட்டி உதைச்ச அன்னைக்கும் தங்கை தூங்கிக்கொண்டிருந்தாள். அதுதான் மேடம். அந்த வரியைத்தான் மாத்தணும்.

முதுகெலும்பா? புத்தகத்துக்கா? அந்த வரியா? அப்ப எடுத்தா விழுந்துருமா?

பாருங்க, எனக்கு இது தெரியாமப் போச்சு. நான் ஏதோ சட்டையில ஒரு பட்டன் மாத்தற மாதிரி நினைச்சுட்டேன்.

இல்ல மேடம், பிடிக்காம இல்ல. அழகாத்தான் இருக்கு. ஆனா நான் தூங்கலை.

தூங்கவே இல்லை. ஒரு நாளும். எப்படித் தூக்கம் வரும் அந்தச் சத்தத்துல? வாயில் சேலை எவ்வளவு மெல்லிசு, கையை உள்ள விட்டா ரேகை தெரியும். ஜன்னல் சாத்தியிருந்தாலும் ஓட்டுச் சந்துல வெளிச்சம் விழும். உள்ளேருந்து பார்த்தா ஆளு அசையறது எல்லாம் மஞ்சப் பூவுக்குப் பின்னால நிழலாத் தெரியும். நெடு நிழல் அப்பா. மடங்கின நிழல் அம்மா. நடுவுல போய்ப்போய் வர்ற நிழல் அக்கா, தூளிக் கயித்தைப் பிடிச்சுக்கிட்டு. நான் கண்ணைத் திறந்துதான் வச்சிருப்பேன், மூச்சை மட்டும் தூங்கற மாதிரி விடுவேன். நீளமா இழுத்து, கொஞ்சம் நிறுத்தி, மெதுவா விடணும். வேகமா விட்டா முழிச்சிருக்கறது தெரிஞ்சுரும். அது தானா வந்துச்சு, யாரும் சொல்லித்தரலை.

நீங்க ஏன் எழுதறதை நிறுத்திட்டீங்க? எழுதுங்க, எழுதுங்க. நான் ஒண்ணும் அழப் போறதில்லை. பாதிப்பெல்லாம் அக்காவுக்குத்தான். சென்னையில டாக்டர்கிட்டப் போயி உக்காந்து பேசிட்டு வருது பாவம். எனக்கு ஒண்ணும் இல்லை, நான் சிரிச்ச மூஞ்சிக்காரி. மிதுனாகிட்டகூட அதை விளையாட்டா ஆக்கிட்டேன். மிதுனா, இங்க வா, மேடத்துக்குத் தூங்கிக் காட்டு. பாருங்க, பாருங்க. எவ்வளவு அழகா மூச்சு விடுது! இமைகூட ஆடலை பார்த்தீங்களா? எப்பச் சொன்னாலும் செய்யும். தெருவுல எந்தப் பிள்ளைக்கும் இது வராது. போதும்டி தங்கம், எந்திரி. ஏன் மேடம் அப்படிப் பார்க்கறீங்க? விளையாட்டுதான்.

அந்த நாளா? எட்டாவது அத்தியாயம். ஆமா, அது நடந்ததுதான். அக்கா கைய நீங்க பார்த்திருப்பீங்களே, இடது மணிக்கட்டு கோணலா இருக்கும். அன்னைக்கு அப்பா அம்மாவை விட்டுட்டுத் தூளிப் பக்கம் வந்தார். கதவுக்கு அண்டக்குடுக்கற கட்டை கையில இருந்துச்சு. "உள்ள அவ முழிச்சிருக்காளா?"ன்னு கேட்டார். அக்கா, "தூங்கறாப்பா"ன்னுச்சு. "முழிச்சிருக்கா, எனக்குத் தெரியும்"ன்னு கட்டையை ஓங்கினார். நிழல் ஓங்குறது தெரியுது எனக்கு. அக்கா கையைக் குடுத்துருச்சு குறுக்க. சத்தம் கேட்டுச்சு. அது வேற மாதிரி சத்தம் மேடம், கட்டை கட்டையில பட்ட மாதிரி. அக்கா கத்தலை. இன்னொரு கையால தூளிய ஆட்டிக்கிட்டே இருந்துச்சு. அப்பா கட்டையைப் போட்டுட்டு வெளிய போயிட்டார்.

புத்தகத்துல அடுத்த வரி எப்படி வருது? "அவள் தூக்கத்திலேயே தூளியை நனைத்திருந்தாள். உலகமே அறியாத தூக்கம்." அதைப் படிக்கறப்ப உங்களுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துச்சா? முரண்சுவையா? அப்படி ஒரு பேரா அதுக்கு?

தூக்கத்துல நனைக்கலை மேடம். முழிச்சுக்கிட்டேதான் நனைச்சேன்.

அவர் சொன்னதுதான் சரி. நான் முழிச்சுத்தான் இருந்தேன்.

இதுல இப்ப என்ன வந்துச்சுன்னு கேக்கறீங்க. அதான் சொல்றேன். அப்பாவுக்கு வாதம் வந்ததும் சொந்தக்காரங்க எல்லாம் எங்க பெரியப்பா வீட்ல கூடினாங்க. யார் வச்சுப் பார்க்கறதுன்னு பேச்சு. அம்மா போய்ச் சேர்ந்து ரொம்ப வருஷமாச்சு. மூத்தவ வரவே மாட்டா, புத்தகமே எழுதிட்டா. அவளைக் கூப்பிட்டா இன்னொரு புத்தகம் எழுதிருவான்னு ஒருத்தர் சொல்றார், எல்லாரும் சிரிக்கறாங்க. ஹோம்ல சேக்கலாம்னு அக்கா போன்ல சொல்லுச்சு. பெரியப்பா குதிச்சார், "ரெண்டு பொண்ணைப் பெத்தவன் ஹோம்ல கிடந்தான்னா எங்க மூஞ்சியை எங்க வச்சுக்கறது"ன்னு. அப்பத்தான் பெரியப்பா மகன் கணேசமூர்த்தி அந்தப் புத்தகத்தை எடுக்கறான். எங்க சனங்க வாழ்க்கையில ஒரு புத்தகத்தை உக்காந்து கேட்டது அன்னைக்குத்தான். எட்டாவது அத்தியாயத்தை உரக்கப் படிச்சான். படிச்சு முடிச்சுட்டு, "பார்த்தீங்களா, சின்னவளுக்கு ஒண்ணுமே தெரியாது. அவ தூங்கிட்டு இருந்திருக்கா. அக்காவே எழுதியிருக்கா"ன்னான். எல்லாரும் என்னைப் பார்க்கறாங்க. ஒரு அத்தை என் கன்னத்தைத் தடவி, "நீ குடுத்து வச்சவடி, உனக்கு மனசுல ஒண்ணும் இல்லை. நீயே பாரு அப்பனை"ங்குது.

நான் என்ன செஞ்சேன்னா, சிரிச்சேன்.

அங்கயே சொல்லியிருக்கலாமேன்னுதானே கேக்கறீங்க. எப்படிச் சொல்றது? பெரியப்பா ஏற்கெனவே ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறார், புத்தகம் பூரா பொய், என் தம்பி மானத்தை வாங்கிட்டாள்னு. நான் எந்திரிச்சு, "தூங்கலை, முழிச்சிருந்தேன்"ன்னா என்ன ஆகும்? "பாத்தியா, ஒரு இடத்துல பொய். அப்ப எல்லா இடத்துலயும் பொய்"னு பிடிச்சுக்குவார். அம்மா பட்ட அடியெல்லாம் பொய்யாப் போயிரும். நடந்தது அத்தனையும் நிசம்னு சொல்ல இருக்கறது நான் ஒருத்தி. நானே வாயத் திறந்து அதைக் கெடுக்கறதா?

வீட்டுக்காரர்கிட்டயா? அவர் நல்லவர் மேடம், அதுதான் தொந்தரவே. கெட்டவரா இருந்தா சண்டை போட்டிருப்பேன். "எங்கப்பாவுக்கு நீ பீ மூத்திரம் அள்ளின. உங்கப்பாவை நான் பார்க்க மாட்டேனா?"ன்னு நின்னார். எவ்வளவு ஆசையா எல்லாம் வாங்கிப் போட்டிருக்கார் பாருங்க, அந்தா அந்தக் கட்டில், மெத்தை, ரப்பர் சீட்டு. மிதுனாவுக்கும் சொல்லி வச்சிருக்கார், தாத்தா வரார், நீதான் தாத்தாவுக்குத் துணை, பக்கத்துல படுத்துக்கணும்னு. அது நாலு நாளா தாத்தா தாத்தான்னு குதிக்குது. ஒரே ரூம்தானே மேடம் இங்கயும். வேற எங்க படுக்க வைக்கறது பிள்ளையை?

வாதம் வந்தவர் என்ன செய்வார்னுதான் எல்லாரும் சொல்றாங்க. எனக்கும் தெரியுது. எந்திரிக்க முடியாது, பேச்சு குழறுது. நான் ஒண்ணும் பயப்படலை. கட்டில் வந்த நாளிலேருந்து சோறுதான் உள்ள இறங்க மாட்டேங்குது. சூடு பிடிச்சிருக்கும், வெயில் அப்படி.

அதான் யோசிச்சேன். அக்காவே மாத்திட்டா? அக்கா தன் கையால, புதுப் பதிப்புல, "தங்கை விழித்திருந்தாள்"னு போட்டுட்டா அது பொய்யாகாது. திருத்தம்தானே? கணேசமூர்த்தி அதையும் படிக்கட்டும். எங்க வீட்டுக்காரரும் படிக்கட்டும். நான் வாயத் திறக்காமலே எல்லாருக்கும் தெரிஞ்சுரும். எப்படி என் யோசனை? இப்ப அப்பா வந்தாலும் புத்தகம் வந்ததும் வேற ஏற்பாடு பண்ணுவாங்கல்ல? நானே கேட்டா ஏன் என்னன்னு அக்கா துருவும், அதுகிட்ட நேரா என்னால சொல்ல முடியாது. நீங்க உத்தி கித்தின்னு ஏதாவது சொல்லி, "முழிச்சிருக்கற மாதிரி எழுதினா இன்னும் நல்லாருக்கும்"னு சொன்னீங்கன்னா போதும்.

என்ன மேடம்? ஏன் தலையை ஆட்டறீங்க?

அக்காகிட்ட இதைக் கேட்டீங்களா? தங்கை தூங்கறது உத்தியான்னா? எப்போ, போன வாரமா? இந்தப் போன்லயா இருக்கு? போடுங்க. நான் கேக்கலாமா?

...

அக்கா குரல் என்ன இப்படிக் கம்மிப்போயிருக்கு.

கடைசியில என்ன சொல்லுச்சு? ஃபேன் சத்தத்துல கேக்கலை. இருங்க, ஃபேனை நிறுத்தறேன். திரும்பப் போடுங்க.

...

"அது உத்தி இல்லம்மா. அது ஒண்ணுதான் நான் ஜெயிச்சது. எங்கம்மாவைக் காப்பாத்த முடியலை, என்னைக் காப்பாத்திக்க முடியலை. அவளாவது தூங்கினாளே. அவ முழிச்சிருந்தான்னு யாராவது வந்து சொன்னா, நான் எதுக்குக் கையைக் குடுத்தேன்?"

அப்படியா சொல்லுச்சு. அப்புறம் சிரிக்குது பாருங்க. அதுவும் என்னை மாதிரியே சிரிக்குது, எனக்கு இத்தனை நாளாத் தெரியலை. அது ரொம்ப சீரியஸான ஆளுன்னுல்ல நினைச்சேன்.

போதும் மேடம். நிறுத்திருங்க.

ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டு வர்றேன்.

இல்ல, ஒண்ணுமில்லை. மிதுனா, அம்மா அழலைடி, வெங்காயம் நறுக்கினேன் காலையில. மேடம், நான் சொன்னதெல்லாம் இதுல பதிஞ்சிருக்கா? அதை அழிக்கத் தெரியுமா உங்களுக்கு? அழிச்சுருங்க. ஆராய்ச்சியில வராதில்ல? அக்கா உங்க ஆராய்ச்சிய வாங்கிப் படிக்கும், விடாது. அதனால அழிச்சுருங்க. என் எதிர்ல அழிங்க. நான் உங்களை நம்பாம இல்லை, இருந்தாலும் அழிங்க.

தங்கையைச் சந்திச்சேன்னு எழுதுங்க. என்ன எழுதறதுன்னா, நல்லாப் பேசினாங்க, டீ குடுத்தாங்க, சின்ன வயசுல நடந்தது எதுவும் அவங்களுக்கு ஞாபகமில்லைன்னு எழுதுங்க. தூங்கிட்டு இருந்தாங்கன்னே எழுதுங்க. அக்கா படிச்சா நல்லாத் தூங்கும்.

ஹாரன்தானே அது? வந்துட்டாங்க. நீங்க எந்திரிக்காதீங்க, உக்காருங்க, நான் பார்த்துக்கறேன். மிதுனா! வெளிய ஓடாதே! வேண்டாம்டி, கார் கிட்டப் போகாதே, இங்க என் பின்னால நில்லு. முந்தானையை விடு, பிடிச்சு இழுக்காதே.

என்னங்க, வந்தாச்சா? வழியில ஒண்ணும் தொந்தரவு இல்லையே? மெலிஞ்சுபோயிட்டார். டிரைவருக்கு இடுப்பு வலியாமா, தூக்க மாட்டாராமா? பக்கத்து வீட்ல யாரும் இல்லீங்க, ஆம்பளைங்க பூரா ஷிப்டுக்குப் போயாச்சு. சரி சரி, சத்தம் போடாதீங்க, நான் இருக்கேன்ல. இவங்க மதுரையிலிருந்து வந்த மேடம், அக்கா புத்தகத்தை ஆராய்ச்சி பண்றவங்க. ஆமா, பேசிட்டோம். எல்லாம் சொல்லிட்டேன்.

வாங்கப்பா.

நான்தாம்ப்பா, சின்னவ. பாண்டி. ம். ம். புரியலைப்பா, மெதுவாச் சொல்லுங்க. அப்புறம் சொல்லலாம், உள்ள போவோம்.

மேடம், தப்பா நினைக்காதீங்க, கொஞ்சம் ஒரு கை குடுக்கறீங்களா? அந்தப் புத்தகத்தை ஸ்டூல் மேல வச்சுட்டு வாங்க. எங்க வீட்டுக்காரர் தலைப்பக்கம் தூக்கிக்குவார். நீங்க இப்படி அந்தப் பக்கம் வாங்க. அது விழுந்துபோன கை மேடம், தாராளமாப் பிடிங்க, அது ஒண்ணும் செய்யாது. இந்தக் கையை நான் பிடிச்சுக்கறேன்.